கோதுமைக் காசு

வங்கிகள் தம் முகத்தில் இரும்புத் தகடு அறைந்துகொண்ட ஆண்டு.
வெளியே பெண்கள் சட்டியைக் கரண்டியால் அடித்து
தங்கள் பணத்தைத் தாங்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
அந்த இரைச்சலுக்குள்தான்
புவெனோஸ் ஐரிஸில், ஓன்ஸே பேட்டையில்,
ஃபோர்துனா முட்டை எண்ணினாள்.
வீட்டுக்கு இரண்டு டஜன்,
பிள்ளைகள் இருந்தால் மூன்று.

இதற்கு எங்களிடம் கோதுமைக் காசு என்று பேர்.
பாஸ்கா இரவில் எந்த வீட்டு மேசையிலும்
புளிப்பில்லா அப்பம் இல்லாமல் போகக் கூடாது,
நான்கு கோப்பைத் திராட்சை ரசமும்.
ஓராண்டு ஊரில் குடியிருந்தவன்
கொடுக்க வேண்டும்,
இல்லை, வாங்க வேண்டும்.
சும்மா நின்று வேடிக்கை பார்க்க இடமில்லை.

ஃபோர்துனாவின் நோட்டிலும் இரண்டே பத்தி.
இடப்பக்கம் இந்த வருஷம் இளைத்துவிட்டது.
வலப்பக்கம் கோடு தாண்டி
ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்தாள்.

என்னிடம் பணமில்லை, சலவைக்கடை வேன் இருந்தது.
வசந்தத் திருநாள் என்கிறது எங்கள் நூல்.
உலகின் இந்தப் பாதியில் அது இலை உதிரும் மாதம்.
வேனின் கண்ணாடியில் ஒட்டிய இலைகளைத் தள்ளிக்கொண்டு
இருட்டிய பிறகே கிளம்புவேன்,
யார் வீட்டுக்கு என்று தெரு அறியாமல்.

மூன்றாம் மாடி பியானோ டீச்சர் பெர்லா
பெட்டியைத் திறந்து ஆறு முட்டையை எடுத்தாள்.
"கீழ் வீட்டில் கொடுத்துவிடு.
வாங்குகிறவளும் கொடுக்கணும், நாஹும். அதுதான் விதி."
கீழ் வீட்டுக்காரி யூதப் பெண்ணே இல்லை.
ஏன், எதற்கு என்று கேட்காமல்
கவுனின் முன்மடிப்பில் வாங்கிக்கொண்டாள்.

பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
எல்லாம் ஒரே கடைப் பெட்டிகள்.
பக்கத்தில் நீல எழுத்து:
பென்சாதோன் அன் சன்ஸ், மேசைவிரிப்பு, படுக்கைவிரிப்பு.
போன பாஸ்காவுக்கு முந்நூறு அனுப்பியிருந்தார், இனாமாக.
மிச்சம் இருந்தவற்றில்தான் இந்த வருஷம் ஓடியது.

கடைசிப் பெட்டி மட்டும் விகாரமாக இருந்தது.
உள்பக்கத்தை வெளியே திருப்பி,
மடிப்புகள் முரண்டுபிடிக்க, டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி.
"இதென்ன கோலம்?" என்றேன்.
ஃபோர்துனா முகவரிச் சீட்டை நீட்டினாள்.
படித்தேன்.
பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

லவாயே தெரு. நான்காம் மாடி. லிஃப்ட் செத்துக் கிடந்தது.
சங்கிலி அளவுக்குக் கதவு திறந்தது.
இருட்டுக்குள் கோட்டும் டையும்.
ஆலயத்தில் மூன்றாம் வரிசையில் பார்த்த அதே டை.
"அந்தப் பேரில் இங்கே யாருமில்லை"
என்றார் அந்தப் பேருக்குரியவர்.

"மன்னிக்கணும் சார், வீடு மாறிவிட்டது.
முதுகு பிடித்துக்கொண்டது, திரும்ப இறக்க முடியாது.
ஓரமாக இருக்கட்டும்,
காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன்."
என் முதுகுக்கு அன்று ஒரு குறையும் இல்லை.

படிகளை வேண்டுமென்றே ஓங்கி மிதித்து இறங்கினேன்,
போகிறேன், போகிறேன் என்று காலால் சொல்லிக்கொண்டு.
இரண்டாம் மாடி வளைவில் மூச்சடக்கி நின்றேன்.
சங்கிலி விழுந்தது.
தரையில் அட்டை உரசியது, நிதானமாக,
உள்ளே முட்டை இருப்பது தெரிந்த கை.

திருநாள் முடிந்த மறுநாள்
ஃபோர்துனாவின் ஜன்னலுக்குக் கீழே சாய்ந்திருந்தது
தட்டையாக மடித்த ஒரு பெட்டி.
டேப் முழுதும் உரித்து,
மடிப்பை நேராக்கி,
நீல எழுத்து வெளியே தெரிய.
ஒரு மூலையில் காய்ந்த மஞ்சள் கரு.

நோட்டை எடுத்தாள். பேனா எழுதவில்லை, உதறினாள்.
இடப்பக்கப் பத்தியில், கடைசிப் பெயருக்கும் கீழே:
பென்சாதோன். பெட்டி, ஒன்று.